செகண்ட்ஹேண்ட் ஹாட்ச்பேக் வாங்கிப் பவர் ஏற்றுவது எப்படி?

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகப் பீச்சுவது சுலபம். இன்ஜெக்டரைச் சற்று நேரம் அதிகமாகத் திறந்து வைத்தால் போதும். காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளுவதுதான் கடினம். ஆகவே பவர் ஏற்றுவது என்றால் காற்றை அதிகமாக அனுப்ப வேண்டும், அதற்குத் தக்கபடி பெட்ரோல் கொடுக்க வேண்டும், அதனால் கூடும் வெப்பத்தையும் இழுவிசையையும் (டார்க்) மற்ற பாகங்கள் தாங்க வேண்டும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) உள்ள காரில் முதல் இரண்டையும் டியூனர் (எஞ்சின் அமைப்பைத் திருத்தித் தருபவர்) தன் மடிக்கணினியில் ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். மூன்றாவதில்தான் பத்து, பதினைந்து வயதான கார்கள் படுத்துவிடுகின்றன.

இது முதல் முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்காக எழுதியது. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு, அதே காரில் வேலைக்கும் போக வேண்டும், வார இறுதியில் ஈப்போவுக்கும் போக வேண்டும், மிதித்தால் இழுக்கவும் வேண்டும் என்று நினைப்பவரை மனத்தில் வைத்திருக்கிறோம். ஊரைக் குறிப்பிடக் காரணம் உண்டு. செம்மண் தூசி, செம்பனைக் குலை லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த சாலை, நண்பகலில் 33, 34 பாகை வெப்பம், ஊர் பெட்ரோல் நிலையத்தில் ரோன் 97 தீர்ந்துபோகும் நாட்கள், இத்தகைய காருக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் போர்மனை (மெக்கானிக்கை) தேடி ஈப்போ வரை போக வேண்டிய நிலை. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட டியூனிங் ஆலோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எஞ்சின்தான் அதற்கு விலை கொடுக்கும்.

டர்போ உள்ளதா, இல்லாததா?

முதல் முடிவு இதுதான். டர்போ இல்லாத எஞ்சின் காற்றைத் தானாக உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் அதற்குக் கிடைக்காது. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் (இசட்.சி.32.எஸ்) 1,586 சி.சி.யில் 136 பி.எஸ். (குதிரைத் திறன்) தருகிறது. ஏர் பில்டர், எக்ஸாஸ்ட், இ.சி.யு. மேப் (எஞ்சினை ஆளும் கணினிக்கான திருத்திய நிரல்) மூன்றையும் மாற்றினாலும் ஐந்து முதல் எட்டு விழுக்காடு ஏறினால் பெரிது. அதாவது ஏழிலிருந்து பதினொரு குதிரை. அந்தப் பணத்துக்கு அது ஏமாற்றம்தான்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட், புரோட்டான் சத்ரியா ஜி.டி.ஐ. போன்ற கார்களை அவற்றின் எடைக்காகவும் வளைவில் நிற்கும் விதத்துக்காகவும் வாங்குங்கள். சத்ரியா ஜி.டி.ஐ.யின் கையாளுகையை லோட்டஸ் சீர்செய்தது, 1.8 லிட்டர் 4ஜி93 எஞ்சினும் சுழலச் சுழல உற்சாகமாகப் பாடும். ஆனால் அவற்றிலிருந்து கூடுதலாக 50 குதிரை எடுக்க நினைத்தால் எஞ்சினைத் திறக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து டர்போ பொருத்த வேண்டும். பெரோடுவா மைவிக்கும் டர்போ கிட் போடுகிறார்கள். அதற்கு இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இ.சி.யு., கிளட்ச் எல்லாமே சேர்ந்து மாற வேண்டும். பிஸ்டனும் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடும் டர்போவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது வேறு. தொடக்க நிலையில் இருப்பவர் அந்த வேலையைத் தொடக்கூடாது என்பதே எங்கள் முடிவு.

தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி வந்த காரில் கணக்கு வேறு. டர்போவும், அது அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் ஏற்கெனவே இருக்கின்றன. தயாரிப்பாளர் எல்லா நாட்டு வெப்பத்துக்கும் எல்லாத் தரப் பெட்ரோலுக்கும் இடம் விட்டு அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பார். அந்த இடைவெளியைத்தான் மேப் எடுத்துக்கொள்கிறது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. ஆறாம் தலைமுறை 210 பி.எஸ்., 280 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஒரு பாகமும் மாற்றாமல் மேப் மட்டும் ஏற்றினால், எஞ்சின் நலமாக இருக்கும் பட்சத்தில், 250 பி.எஸ்.ஸை நெருங்கும், இழுவிசை 350க்கு மேல் போகும். ஓட்டும்போது நாம் உணர்வது பெரும்பாலும் இந்த இழுவிசையைத்தான்.

கியர்பாக்ஸ்தான் எல்லையை வைக்கிறது

விளம்பரத்தில் எல்லோரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சொல்வது கியர்பாக்ஸ். டி.எஸ்.ஜி. என்பது இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ். ஃபோக்ஸ்வேகனின் ஆறு கியர் டி.எஸ்.ஜி.யில் (டி.கியூ.250) கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும், அது 350 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. ஏழு கியர் டி.எஸ்.ஜி. (டி.கியூ.200) உலர் கிளட்ச் வகை, அதன் எல்லை 250.

இப்போது 2010 வாக்கில் வந்த போலோ ஜி.டி.ஐ.யைப் பாருங்கள். 1.4 லிட்டர் எஞ்சின், சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்தது, 180 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர், கியர்பாக்ஸ் டி.கியூ.200. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கியர்பாக்ஸின் எல்லையில் நிற்கிறது. போதாக்குறைக்கு அந்த எஞ்சின் கறுப்பெண்ணெய் (எஞ்சின் எண்ணெய்) குடிப்பதில் பெயர் போனது. விலை குறைவு, உருவம் அழகு, ஓட்டவும் சந்தோஷமான கார். பவர் ஏற்ற மட்டும் அதை எடுக்காதீர்கள்.

புரோட்டான் சுப்ரிமா எஸ்ஸில் 1.6 டர்போ, 140 பி.எஸ்., 205 நியூட்டன் மீட்டர். நம் ஊர் போர்மனுக்குத் தெரிந்த எஞ்சின், சாமானும் கிடைக்கும். ஆனால் அதன் சி.வி.டி. தானியங்கி கியர்பாக்ஸில் உள்ள பெல்ட் கூடுதல் இழுவிசையை விரும்பாது. ஆயில் கூலர் குழாயில் கசிவு இந்த எஞ்சினின் பழைய நோய். மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஃபோர்டு ஃபியெஸ்டா எஸ்.டி. 1.6 டர்போ, 182 பி.எஸ்., ஆறு கியர் மேனுவல். இந்தப் பட்டியலில் ஓட்டுவதற்கு மிகவும் இனிமையானது அதுதான். கண்ணாடி, பம்பர், விளக்கு போன்ற உடல் பாகங்கள் கிடைப்பதுதான் சிரமம்.

எல்லாவற்றையும் எடைபோட்டால், முதல் காருக்கு கோல்ஃப் ஜி.டி.ஐ. ஐந்தாம் அல்லது ஆறாம் தலைமுறை என்றே சொல்வோம். என்ன கெடும், எப்போது கெடும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். சாமானும் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து மறுநாளே கூரியரில் வந்துவிடும். 1,984 சி.சி. என்பதால் தீபகற்பத்தில் தனியார் காருக்கான சாலை வரி 372 வெள்ளி, 1,600 சி.சி.க்கு உட்பட்ட ஸ்விஃப்ட்டுக்கு 90 வெள்ளி. இந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது

"அண்ணே, ஸ்டேஜ் 2 போட்டாச்சு, 260 குதிரை, ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லும் காரை விட்டுவிடுங்கள். ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்பவற்றுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு டியூனரும் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர். அந்த மேப்பை யார் எழுதினார், எந்தப் பெட்ரோலுக்கு எழுதினார், அதற்குப் பின் எத்தனை முறை எண்ணெய் மாறியது என்று தெரியாமல் அந்த 260க்கு அர்த்தம் இல்லை. மாற்றம் செய்யாத, சர்வீஸ் புத்தகம் உள்ள, முன்பு ஒரு நடுத்தர வயதுக்காரர் ஓட்டிய காரைத் தேடுங்கள். அதன் விலை சில ஆயிரம் வெள்ளி கூடுதலாக இருந்தாலும் கடைசியில் மலிவு அதுதான்.

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நாங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறோம் என்று கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சின் மட்டுமே உண்மையைச் சொல்லும். கோல்ஃப் ஆறாம் தலைமுறை எஞ்சினில் (இ.ஏ.888) டைமிங் சங்கிலி இருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பழைய வடிவத்தில் பலவீனமானது. 2012 வாக்கில் மாற்றி வடிவமைத்தார்கள். ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நொடி கடகடவென்று உலோகச் சத்தம் வந்து அடங்கினால், டென்ஷனரில் எண்ணெய் அழுத்தம் நிற்கவில்லை. ஒரு நாள் சங்கிலி பல் தாண்டும், வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும், எஞ்சின் முடிந்தது. புது டென்ஷனர் போட்ட ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வேலையின் செலவை விலையில் கழியுங்கள். ஸ்கேனரில் 093 என்ற அளவுத் தொகுதியைத் திறந்தால் கேம் கோணம் தெரியும். சங்கிலி நீள நீள அந்த எண் பூஜ்ஜியத்திலிருந்து விலகிக்கொண்டே போகும்.

ஐந்தாம் தலைமுறையில் (இ.ஏ.113) பெல்ட். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேறொரு பலவீனம் உண்டு. உயர் அழுத்த பெட்ரோல் பம்பை கேம்ஷாஃப்ட் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் கேம் ஃபாலோவர் என்னும் சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. பம்பைப் பிடித்திருக்கும் மூன்று டி30 டார்க்ஸ் போல்ட்டைக் கழற்றினால் அது கையில் வந்துவிடும். கழற்றும் முன் பெட்ரோல் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். கிண்ணத்தின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பூச்சு முழுதாக இருந்தால் மறுபடி போடலாம். நடுவில் வட்டமாகப் பூச்சு போய் வெள்ளி மாதிரி பளபளத்தால் அது முடிந்துவிட்டது. ஓட்டை விழுந்திருந்தால் கேமும் பம்பும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கியிருக்கும். ஃபாலோவரின் விலை சொற்பம். கேம்ஷாஃப்டும் பம்பும் சேர்ந்தால் நிலைமை வேறு. மேப் ஏற்றிய காரில் பம்ப் இன்னும் அழுத்தமாக வேலை செய்யும் என்பதால் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு எஞ்சினுக்கும் பொதுவான நோய் கரி. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகை அது கழுவுவதே இல்லை. எண்ணெய் ஆவி அங்கே படிந்து கரியாகக் கெட்டிப்படும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் ஆடுவது, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் சரியாக எரியாமை) பிழைக் குறியீடு வருவது இதன் அடையாளம். வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வார்கள், நன்றாகப் போகும். டேங்கில் ஊற்றும் திரவம் எதுவும் வால்வின் முதுகைத் தொடாது, வாங்க வேண்டாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். டி.எஸ்.ஜி. முதல் கியரில் மெதுவாக நகரும்போது உதறக்கூடாது. இரண்டாவது கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கம்ப்ரெஷன் சோதனை கேளுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சின் டியூனுக்கு உகந்தது அல்ல.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் நம் நாட்டுக்கே உரியவை. ஒன்று வெள்ளம். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலங்களுக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் இருக்கும் துணியில் சேற்றுக்கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, ஸ்பேர் டயர் குழியில் மண், கம்பளத்துக்குக் கீழே ஈர வாடை, எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மற்றது எலி. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் நிறுத்தும் காரில் எலி வேக்குவம் குழாயையும் சென்சார் வயரையும் கடித்து வைக்கும். டர்போ காரில் ஒரு சின்னக் குழாய் கடிபட்டாலே அழுத்தம் போய்விடும். டார்ச் அடித்து எஞ்சினின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீங்களும் வாங்கிய பின் மாதம் ஒருமுறை பாருங்கள்.

தாள்கள்: கெரானில் (காரின் பதிவுச் சான்றில்) உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். ஹாஃப்கட் எஞ்சின் (பாதியாக அறுத்து இறக்குமதியான பழைய காரின் எஞ்சின்) ஏற்றி ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதியாமல் விட்ட கார் பெயர் மாற்றத்துக்கான புஸ்பகோம் (வாகனச் சோதனை நிலையம்) பி5 சோதனையில் மாட்டும். வங்கிக் கடன் தீர்ந்ததா, சமன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கிறதா என்பதையும் பணம் கைமாறும் முன் பார்த்துவிடுங்கள்.

முதலில் காரைச் சரிசெய்யுங்கள்

வாங்கியதும் டியூனரிடம் ஓடாதீர்கள். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சீர்செய்வதற்கென்று ஒதுக்கி வையுங்கள். இந்த வேலைகள் முடிந்து ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே மேப்.

எஞ்சின் எண்ணெய் 5டபிள்யூ-40, ஃபோக்ஸ்வேகன் 502 00 தரம் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். பில்டரோடு ஏறக்குறைய 4.6 லிட்டர். இந்த வெப்பத்தில் மேப் ஏற்றிய எஞ்சினுக்கு 7,000 அல்லது 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். டி.கியூ.250 கியர்பாக்ஸ் எண்ணெய் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பில்டரோடு, ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அதன் அளவை எண்ணெய் 35 முதல் 45 பாகை சூட்டில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பார்க்க வேண்டும். சூடு பார்க்காமல் கண்மதிப்பில் ஊற்றும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். குறைவாக ஊற்றிய டி.எஸ்.ஜி. சில மாதங்களில் கிளட்சைச் சுட்டுவிடும்.

நான்கு ஸ்பார்க் பிளக்கும் புதிது, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். அழுத்தம் கூடும்போது பொறி தாண்டுவது கடினமாகும் என்பதால்தான் இந்த நெருக்கம். இக்னிஷன் காயில் பழையதாக இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றவை பின்னாலேயே போகும். டர்போ அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவெர்ட்டர் வால்வில் பழைய வகை ரப்பர் சவ்வு கிழிந்துவிடும். பிஸ்டன் வகையைப் போடுங்கள். பி.சி.வி. வால்வு (எண்ணெய் ஆவியை வெளியே விடும் வால்வு), இன்டர்கூலர் குழாய்களின் ரப்பர் வளையம் ஆகியவற்றைப் புகைச் சோதனையில் பாருங்கள். புகையை உள்ளே செலுத்தினால் கசியும் இடத்தில் அது வெளியே வந்து தானே காட்டிக்கொடுக்கும். எஞ்சினின் கீழ்த் தாங்கியையும் மறக்க வேண்டாம். அது தளர்ந்திருந்தால் கூடுதல் இழுவிசையில் முன்சக்கரங்கள் தத்தித் தத்தித் துள்ளும்.

அடுத்து பிரேக்கும் டயரும், மேப்புக்கு முன்பே. நல்ல பேட், புது டாட் 4 பிரேக் எண்ணெய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றம். 225/45 ஆர்17 அளவில் நான்கு நல்ல டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதைத் தாண்டிய டயரில் பூ (தடப் பள்ளம்) இருந்தாலும் மழையில் பிடிப்பு குறையலாம். லாரி சிந்திய செம்பனை எண்ணெய் மேல் மழை பெய்த சாலையில் 250 குதிரையை இரண்டு முன்சக்கரம்தான் கீழே இறக்க வேண்டும்.

வெப்பம், பெட்ரோல், மேப்

காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஒவ்வொரு பத்து பாகைக்கும் ஏறக்குறைய மூன்று விழுக்காடு காற்று குறைகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து நாக்கிங். பொறி பற்றவைக்கும் தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாக வெடிப்பதுதான் அது. நாக் சென்சார் அதைக் கேட்டதும் இ.சி.யு. பொறியின் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். எஞ்சின் பிழைக்கும், பவர் போய்விடும். ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் வரை ஏறும் நெடுஞ்சாலை ஏற்றத்தில், நண்பகலில், நான்கு பேரோடு ஏசி போட்டுக்கொண்டு மிதித்தால் தொழிற்சாலை இன்டர்கூலர் வெப்பத்தில் ஊறிப்போகும். அதன் பிறகு மேப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதனால் நம் நாட்டில் மேப்புக்கு அடுத்து வாங்க வேண்டிய ஒரே பாகம் பெரிய இன்டர்கூலர். எக்ஸாஸ்ட் சத்தம் கேட்க நன்றாக இருக்கும். இன்டர்கூலர் வெயிலில் பவரைக் காப்பாற்றும்.

பெட்ரோலின் ரோன் எண் நாக்கிங்கை எதிர்க்கும் திறனைக் காட்டுகிறது, சக்தியை அல்ல. மேப் இல்லாத சாதாரண காருக்கு உயர்ந்த ரோன் ஊற்றுவதால் பெரிய லாபம் இல்லை. மேப் ஏற்றிய டர்போவுக்கு அது கட்டாயம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: விற்பனையில் உள்ள பல ஆயத்த மேப்புகள் ஐரோப்பாவின் ரோன் 98 பெட்ரோலுக்கு எழுதப்பட்டவை. நமக்குக் கிடைப்பது 95, 97, சில பெட்ரோன் நிலையங்களில் 100. ரோன் 97க்கென்று எழுதிய மேப்பைக் கேளுங்கள், இந்த வெப்பத்தில் பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள். ஊரில் 97 தீர்ந்து 95 ஊற்ற நேர்ந்தால் அந்த டேங்க் முடியும்வரை அழுத்தி மிதிக்காதீர்கள். பாதி டேங்க் 97 மேல் பாதி 95 ஊற்றினால் ஏறக்குறைய 96 ஆகும். 97 விலை வாராவாரம் மாறும், மானியம் கிடையாது. மாதச் செலவை அதை வைத்தே போடுங்கள்.

டைனோவில் (காரை உருளைமேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவியில்) முதலில் மேப் இல்லாமல் ஓர் ஓட்டம் எடுங்கள், பிறகு மேப்போடு. அதே டைனோ, அதே நாள். டைனோ அளப்பது சக்கரத்தில் வரும் பவர். முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சின் கணக்கைவிட அது பத்திலிருந்து பதினெட்டு விழுக்காடு வரை குறைவாகக் காட்டும். எனவே வேறொருவரின் தாளோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை, வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய மேப்பின் நகலை டியூனரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் லாக், அதாவது ஓட்டத்தின்போது எடுக்கும் பதிவு. வி.சி.டி.எஸ். கருவியை (ஃபோக்ஸ்வேகனுக்கான ஸ்கேனர்) காரின் ஓ.பி.டி. சோதனை முனையில் செருகி, டைனோ மேலேயே மூன்றாவது கியரில் 2,000லிருந்து 6,000 வரை இழுக்கும்போது பதிவு செய்யச் சொல்லுங்கள். ஐந்தாம் தலைமுறையில் 115ஆம் தொகுதி, டர்போ அழுத்தம் எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு கிடைத்தது என்று காட்டும். அளவு மில்லிபாரில், வெளிக்காற்றின் ஆயிரத்தையும் சேர்த்து. 2,200 கேட்டு 1,900தான் வந்தால் எங்கோ கசிகிறது, அல்லது டைவெர்ட்டர் வால்வோ டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வோ சோர்ந்திருக்கிறது. 020ஆம் தொகுதி நான்கு சிலிண்டரிலும் பொறி எத்தனை பாகை பின்னுக்கு இழுக்கப்படுகிறது என்று காட்டும். பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை பயமில்லை. நான்கிலும் ஆறு, ஏழு என்று வந்தால் பெட்ரோல் தரமோ வெப்பமோ காரணம். மேப்பைக் குறைக்க வேண்டும். ஒரே சிலிண்டரில் மட்டும் ஆறு வந்து மற்ற மூன்றும் அமைதியாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக், காயில், வால்வுக் கரி மூன்றையும் பாருங்கள். லாக் எடுத்துத் தர மறுக்கும் டியூனரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

5,500 ஆர்.பி.எம்.க்கு மேல் இழுவை தளர்ந்தால் குறை என்று நினைக்காதீர்கள். இந்தக் கார்களில் உள்ள கே03 டர்போ சிறியது; மேலே காற்று தர அதற்கு மூச்சு போதாது. அங்கேயும் அழுத்தம் கேட்கும் மேப் டர்போவை அளவுக்கு மீறிச் சுழற்றிச் சூடான காற்றைத்தான் தள்ளும். கியர்பாக்ஸின் 350ஐ மனத்தில் வைத்து, இழுவிசையை அந்த அளவோடு நிறுத்தச் சொல்லலாம். கீழே சற்று மென்மையாகவும் மேலே அதே பவரோடும் ஓடும். டி.எஸ்.ஜி.க்கும் தனி மேப் உண்டு. அது கிளட்சை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஏற்கெனவே தேய்ந்த கிளட்சை அது குணப்படுத்தாது.

வாங்கக்கூடாதவை

எஞ்சின் அறைக்குள் திறந்து நிற்கும் கூம்பு பில்டர் முதலில். அது ரேடியேட்டர் சூட்டை உறிஞ்சும். எண்ணெய் தடவிய துணி வகையாக இருந்தால் செம்மண் சாலையில் ஒரு மாதத்தில் சேறாகிவிடும். அதைத் தாண்டி உள்ளே போகும் மண் டர்போவின் இறக்கையை அரிக்கும். தொழிற்சாலைப் பெட்டியையே வைத்துக்கொண்டு நல்ல காகித பில்டரை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். தோட்டச் சாலையில் தினமும் ஓடினால் 5,000.

காரைத் தரையோடு இறக்கும் ஸ்பிரிங்கும் வேண்டாம். லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) முன்னால் போட்டிருக்கும் போங்கோல் (வேகத்தடை) எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை அடித்துவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்துப் போடுவதால் இந்த அளவு பவருக்கு லாபம் சொற்பம். புகையும் சத்தமும் கூடி அமலாக்கச் சோதனையில் நிறுத்தப்படுவீர்கள், புஸ்பகோமிலும் தோற்கும்.

மேப் ஏற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஏறட்டும்.

மேப்புக்குப் பின் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், கூலண்ட் மட்டத்தையும் பாருங்கள். எண்ணெய் சூடாகச் சுமார் பத்து நிமிடம் ஆகும். அதுவரை 3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாதீர்கள், நீர் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் சரி. வீட்டை நெருங்கும் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் டர்போ தானே ஆறிவிடும். ஆயிரம் முடிந்ததும் இன்னொரு லாக் எடுத்து முதல் லாக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 020இல் எண்கள் ஏறியிருந்தால் காரணம் தெரியும்வரை பழைய மேப்புக்குத் திரும்பிவிடுங்கள்.